நாலாவது பள்ளம்

சம்பா அறுப்புக்காகக் கீழ்வேளூர்ப் பக்கம் எங்கள் ஊருக்குப் போய்விட்டுத் தஞ்சாவூர் ஆய்வகத்துக்குத் திரும்பிய அன்று, நான் அளந்த கிராஃப் கோட்டில் நாலு பள்ளம் இருந்தது. மூன்றுதான் இருக்க வேண்டும்.

நாங்கள் வைத்திருந்தது மூன்று கண்ணாடி வளையங்கள் உள்ள சிப். ஒவ்வொரு வளையமும் தலைமுடியின் தடிமன் அளவே அகலம். மூன்றும் ஒன்றையொன்று தொடாமல் நெருங்கி நிற்கும். உள்ளே விட்ட லேசர் ஒளி, வளையத்துக்குப் பொருந்திய நிறமாக இருந்தால் அங்கேயே சுற்றும், பக்கத்து வளையத்துக்கும் தாவும். தனி வளையம் ஒரு நிறத்தைப் பிடித்து வைக்கும் இடத்தில், மூன்று சேர்ந்தால் சற்றே விலகிய மூன்று நிறங்களைப் பிடிக்கும். பிடிபட்ட நிறம் வெளியே வராது. வெளிவரும் ஒளியைக் காட்டும் கோடு அங்கே பள்ளமாக இறங்கும்.

நான் ஊரில் இருந்தபோது புதுச் சிப்பை முதலில் அளந்தவர் என்னைவிட மூத்த ஆய்வு மாணவி. அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவர் படத்தில் மூன்று பள்ளம் சுத்தமாக இருந்தது. என்னுடையதில் நடுப்பள்ளம் இரண்டாகப் பிளந்திருந்தது.

எங்கள் வழிகாட்டியான சார் திரையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஏம்மா, சிப்பைப் பெட்டிய விட்டு வெளிய வெச்சியா?"

"இல்ல சார்."

"ஊர்லேருந்து நேரா இங்கதான் வந்தியா?"

களத்துத் தூசியைக் கேட்கிறார் என்று புரிந்தது. அறைக்குப் போய்க் குளித்து, துணி மாற்றித்தான் வந்தேன் என்றேன். அவர் நம்பவில்லை. பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு, "இப்ப அள, பாக்கறேன்" என்றார். திரையைவிட என் கைகளைத்தான் அதிகம் பார்த்தார். எனக்கு உடம்பு கூசியது. மறுபடி நாலு.

அகச்சிவப்புக் கேமராவில் பார்த்தபோது கடைசி வளையத்தின் ஓரத்தில் ஒரு புள்ளி மட்டும் பளிச்சென்று எரிந்தது.

"தூசிதான்" என்றார் சார்.

இரண்டு முறை கழுவினோம். புள்ளி போகவில்லை. அது வளையம் செய்யும்போதே விழுந்த மேடு. சுற்றி வரும் ஒளியில் கொஞ்சம் அதில் மோதி எதிர்த்திசையில் திரும்பும்; அதனால் பள்ளம் பிளக்கும்.

"அப்ப முதல் நாளே நாலு இருந்திருக்கணுமே சார்" என்றேன்.

கழுவிய சிப்பை உலர்த்திக்கொண்டிருந்த அக்கா நிமிரவில்லை. "இருந்துச்சு சார். மெஷின் நாய்ஸ்னு நெனச்சு, கோட்ட ஸ்மூத் பண்ணி மூணாக்கிட்டேன்."

"இவ்ளோ நேரம் ஏன் சொல்லல?"

"சிப்பை நாந்தான் கெடுத்தேன்னு சொல்வீங்கன்னு பயமா இருந்துச்சு."

சார் என்னிடம் வருத்தம் ஒன்றும் தெரிவிக்கவில்லை. "நாலையும் போட்டு கிராஃப் அனுப்பும்மா" என்றுவிட்டு எழுந்து போனார்.

அன்று சாயங்காலம் அக்கா டீ வாங்கித் தந்தார். குடித்தேன், கோபம் ஆறவில்லை. அந்த வாரம் முழுவதும் அவர் தந்த ஒவ்வொரு படத்துக்கும், "இதோட ஸ்மூத் பண்ணாத ரா டேட்டா எங்கக்கா?" என்று கேட்டேன். அவர் முகம் சுளிக்காமல் எடுத்துக் கொடுத்தார். பிறகு அவரும் என் படங்களுக்கு அதையே கேட்க ஆரம்பித்தார்.