தவிட்டுக்கு வாங்கிய மகள்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். அம்பத்தூர் எஸ்டேட்டில் போல்ட், நட்டு செய்கிற ஒரு சின்ன கம்பெனியில் பதினாறு வருஷமாகச் செக்கிங் பிரிவில் இருக்கிறேன். ஒவ்வொரு போல்ட்டையும் அளவு பார்க்கிற கேஜில் விட்டுப் பார்ப்பேன், நுழைந்தால் சரக்கு, நுழையாவிட்டால் கழிவு, அவ்வளவுதான் என் உலகம். நான் சொல்லப்போவதைக் கேட்டு நீங்கள் சிரித்தால் எனக்குக் கோபம் வராது. உங்கள் இடத்தில் நான் இருந்தால் இன்னும் சத்தமாகவே சிரித்திருப்பேன்.

எல்லம்மாவிடமிருந்து ஆரம்பித்தால்தான் இது புரியும். மேனாம்பேட்டில் ஆறு குடித்தனம் இருந்த ஒரு லைன் வீட்டில் எனக்குப் பக்கத்துப் போர்ஷன் அவளுடையது, ஒரே சுவர்தான் நடுவில், அவள் தும்மினால் நான் "நூறு வயசு" என்பேன். எஸ்டேட் கேன்டீனில் பாத்திரம் கழுவினாள். புருஷன் பெங்களூருக்கு வேலைக்கென்று போனவன் போனவன்தான். அவளுக்குப் பிறந்த முதல் பிள்ளை பதினோராம் நாளே போய்விட்டது, இரண்டாவது நாற்பது நாள் இருந்தது. எனக்கோ கல்யாணமாகி ஒன்பது வருஷமாகியும் ஒன்றுமே இல்லை. ஆகாத இரண்டு பேரும் ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தோம், அதில் ஒட்டிக்கொண்ட சிநேகம் அது.

புருஷன் போன சில மாதத்தில் எல்லம்மாவுக்கு மூன்றாவதாக ஒரு பெண் பிறந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள் காலையில் என் வாசலில் வந்து நின்றாள்.

"யக்கா, ஒரு பிடி தவுடு குட்துட்டு என் புள்ளைய நீ வாங்கிக்கோயேன்" என்றாள்.

இந்த வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். அடுத்தடுத்துப் பிள்ளைகள் செத்த வீட்டில், அடுத்த பிள்ளையை முறத்தில் போட்டுக் குப்பைமேட்டில் வைத்துவிடுவார்கள். வேறொருத்தி போகிற போக்கில் பார்த்ததுபோல அதைத் தூக்கிக்கொண்டு, பெற்றவளிடம் தவிடு கொடுத்து வாங்கிவிட வேண்டும். எமன் வந்து பார்த்தால் இது அவள் பிள்ளை இல்லை என்று திரும்பிப் போய்விடுவானாம். கேட்டதும் நான் சிரித்தேன், எமனுக்கு அவ்வளவுதான் மூளையா என்றேன், ஆனால் அவள் சிரிக்கவில்லை. சரி, போகட்டும் என்று மாடு வைத்திருந்த ஒருவரிடம் ஒரு பிடி தவிடு வாங்கிவந்து, தெருமுனைக் குப்பைமேட்டில் முறத்தில் கிடந்த பிள்ளையைத் தூக்கினேன், தவிட்டை அவள் மடியில் போட்டேன். குப்பு என்று பெயர் வைத்தோம், குப்பையில் கிடைத்தவள் என்பதால்.

பால் கொடுத்தது, குளிப்பாட்டியது, தூங்க வைத்தது எல்லாம் எல்லம்மாதான். ஆனால் பெற்றவளை அம்மா என்று கூப்பிட்டால் விற்றது செல்லாதாம். அதனால் குப்புவுக்கு நான் அம்மா, எல்லம்மா அத்தை. பிள்ளை முதன்முதலாக வாய் திறந்து "ம்மா" என்றது என்னைப் பார்த்துத்தான். எல்லம்மா பக்கத்தில் நின்று கைதட்டிச் சிரித்தாள், சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டாள், ரொம்ப நேரம் வெளியே வரவில்லை. அன்று ராத்திரி சுவருக்கு அந்தப் பக்கம் மூக்கு உறிஞ்சுகிற சத்தம் எனக்குக் கேட்டது.

மறுநாள் என்னிடம் சொன்னாள்: "அஞ்சு வயசு தாண்டட்டும்கா. உன் தவுட்ட உன் மடிலயே திருப்பிப் போட்டுட்டு, அப்பால என்ன அம்மான்னு கூப்ட வெச்சிக்கிறேன். அது வரிக்கும் நீயே இரு."

குப்புவுக்கு இரண்டு வயது ஆனபோது எல்லம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது, நாலாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள். ஒரு பாவத்தை இங்கே சொல்லியாக வேண்டும், இதுவரை என் புருஷனிடம்கூடச் சொன்னதில்லை. அவள் உடம்பை எடுத்துக்கொண்டு போகும்போது நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதேன், அழுகை பொய்யில்லை, ஆனால் அந்த அழுகைக்கு நடுவிலேயே, இனி பிள்ளை எனக்குத்தான் என்று ஒரு சந்தோஷம் எட்டிப் பார்த்தது.

பிறகு லைன் வீட்டை இடித்துவிட்டு அபார்ட்மென்ட் கட்டினார்கள், குடியிருந்தவர்கள் திசைக்கொருவராகப் போனார்கள். நாங்கள் இரண்டு தெரு தள்ளி ஒரு மாடிவீட்டின் கீழ்ப்போர்ஷனுக்கு வந்தோம். குப்பு யாழினி ஆனாள். ஸ்கூல் காகிதங்களில் எப்படி என் பெயர் ஏறியது என்று கேட்காதீர்கள், ஏறியது. எல்லம்மாவின் ஒரே ஒரு போட்டோ இருந்தது, அதை பீரோவில் என் கல்யாணப் புடவைக்கு அடியில் வைத்தேன். வளர்ந்த பிறகு சொல்லலாம், சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். உண்மையில் சொல்கிற எண்ணமே எனக்கு இல்லை.

யாழினிக்கு எட்டு வயது நடக்கும்போது மாடியில் ஒரு பையன் குடிவந்தான், திருநெல்வேலிப் பக்கம், ஐ.டி. கம்பெனி வேலை, நல்ல பையன். ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசலில் யாழினியோடு விளையாடிக்கொண்டிருந்தவன், "ஏட்டி, ஒன்ன தவிட்டுக்குல்லா வாங்கிட்டு வந்தாவ, ஒனக்குத் தெரியாதா?" என்றான்.

ஊர் உலகத்தில் பிள்ளைகளைச் சீண்ட எல்லோரும் சொல்வதுதான், என் அண்ணன் என்னையே எத்தனை தடவை அப்படி அழவைத்திருக்கிறான். சிரித்துவிட்டுப் போயிருந்தால் அது அங்கேயே முடிந்திருக்கும். நான் கையிலிருந்த வாளியைப் போட்டுவிட்டு அவனைக் கத்தின கத்தலில் தெருவே எட்டிப் பார்த்தது. பாவம், அவன் "சாரிக்கா, சாரிக்கா" என்று நடுங்கிப்போனான். யாழினி அவனைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பது சரிதான்.

அன்று இரவு அவள் தூக்கத்தில் நடந்தாள்.

என் புருஷன் கம்பெனிகளுக்கு கேப் ஓட்டுகிறார், ராத்திரி டியூட்டி, வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். கண் விழித்தால் பாயில் பிள்ளை இல்லை, கதவு திறந்திருக்கிறது. தெருத் தெருவாக ஓடினேன். அந்த அபார்ட்மென்ட் வாசலில் வாட்ச்மேன் என்னைக் கூப்பிட்டார். "எம்மா, உன் பொண்ணா அது? கண்ண மூடிக்கினே நடந்து வந்துச்சு, எழுப்புனா ஆவாதுன்னு காவலுக்கு நின்னுகினு கீறேன்" என்றார். அங்கே மாநகராட்சிக் குப்பைத்தொட்டிகளுக்குப் பக்கத்தில், வெறுந்தரையில், கைப்பிள்ளை போல முடங்கிப் படுத்திருந்தாள். அந்த இடம் எது என்று அவருக்குத் தெரியாது. பழைய குப்பைமேடு அதுதான், முறம் இருந்த அதே மூலை.

தூக்கிக்கொண்டு வந்து படுக்கவைத்தேன். வலது கை இறுக மூடியிருந்தது, விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன், உள்ளே ஒரு பிடி தவிடு.

குப்பையில் எதையோ அள்ளியிருக்கிறாள் என்று துடைப்பத்தால் கூட்டிக் கொட்டினேன். டாக்டரிடம் போனோம், பிள்ளைகளுக்கு இது சகஜம், வளர வளரச் சரியாகிவிடும், எழுப்பாதீர்கள், கதவைப் பூட்டிவையுங்கள் என்றார். பூட்டினேன். சாவியைத் தலையணைக்கு அடியில் வைத்துப் படுத்தேன். நம்பினால் நம்புங்கள், சாவி வைத்த இடத்திலேயே இருந்தது, பூட்டு திறந்து தொங்கியது, பிள்ளை குப்பைத்தொட்டிப் பக்கம் கிடந்தாள். மறுபடியும் கையில் தவிடு. இந்தத் தடவை கொஞ்சத்தைக் காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டு திருவேற்காட்டில் ஒரு மாட்டுத்தீவனக் கடைக்குப் போனேன், எதையும் சோதித்துப் பார்க்கிற புத்தி எனக்கு. கடைக்காரர் முகர்ந்து பார்த்தார். இப்போது வருகிற தவிடெல்லாம் எண்ணெய் எடுத்தது, இது எடுக்காதது, இந்தப் பக்கம் யாரிடமும் கிடைக்காது என்றார். இன்றைக்கு அரைத்ததா என்றும் கேட்டார், ஏனென்றால் இந்தத் தவிடு சீக்கிரமே கெட்டுச் சிக்குவாடை அடித்துவிடுமாம்.

அந்த வாரத்தில் ஒருநாள், நான் தூங்காமல் உட்கார்ந்திருக்கும்போதே எழுந்தாள். வாசலுக்குப் போகவில்லை, என் முன்னால் வந்து நின்றாள், கண் பாதி மூடியிருந்தது. மூடிய கையை நீட்டினாள்.

"தவுடு கீதுக்கா. வாங்கிக்கோ" என்றாள்.

என் மகள் அப்படிப் பேச மாட்டாள், ஸ்கூலில் மிஸ் திருத்தித் திருத்திப் புத்தகம் மாதிரி பேசுகிற பிள்ளை, என்னை ஒருநாளும் அக்கா என்றதில்லை. பயம் வந்திருக்க வேண்டும், எனக்கு வந்தது ஆத்திரம். "மாட்டேன்" என்றேன். "செத்தவ செத்தவளா இரு, ஆறு வருஷம் நான் வளர்த்தேன், தர மாட்டேன்" என்று அந்தச் சின்னக் கையைத் தட்டிவிட்டேன். தவிடு தரையெல்லாம் சிதறியது. பிள்ளையின் முகத்தில் கோபம் எதுவும் இல்லை, உதடு மட்டும் பிதுங்கியது, போய்ப் படுத்துக்கொண்டது. தவிட்டை வாங்கினால் விற்றது ரத்தாகிவிடும், பிள்ளை அவளுடையதாகிவிடும், அவளிடமே போய்விடும் என்றுதான் நான் நினைத்தேன். எமனை ஏமாற்றுகிற கதையைக் கேட்டுச் சிரித்தவள், கடைசியில் அதை எழுத்துக்கு எழுத்து நம்பிக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு இரண்டு தடவை வந்து நீட்டினாள், இரண்டு தடவையும் தட்டிவிட்டேன்.

கடைசி நாள் என்னை மீறித் தூங்கிவிட்டேன். ஹாரன் சத்தத்தில்தான் எழுந்தேன். ஓடிப்போய்ப் பார்த்தால் நடுரோட்டில் ஒரு தண்ணீர் லாரி கோணலாக நிற்கிறது, அதன் முன்னால் ஒரு முழத் தூரத்தில் யாழினி, நைட்டி காற்றில் அசைய, கை மூடியபடி, தூங்கிக்கொண்டு. டிரைவர் ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்து அழுதுகொண்டிருந்தான். லாரியைத் தாண்டி அந்தக் குப்பைத்தொட்டி மூலைக்குத்தான் அவள் போனாள், நான் பின்னாலேயே போனேன்.

அங்கே அவள் திரும்பிக் கையை நீட்டினாள். என் பிடிவாதமெல்லாம் எங்கே போயிற்றோ, அப்படியே மண்டிபோட்டு முந்தானையை விரித்தேன்.

"போடு எல்லம்மா. வாங்கிக்கிறேன். அவள மட்டும் கூட்டிக்கினு போய்டாத" என்றேன்.

தவிடு என் மடியில் விழுந்தது. பிள்ளை என்னிடமிருந்து திரும்பி, ஒன்றுமே இல்லாத அந்த மூலையைப் பார்த்து, "அம்மா" என்றாள். ஒரே ஒரு தடவைதான். இத்தனை வருஷமாக என்னை ஆயிரம் தடவை அப்படிக் கூப்பிட்டிருக்கிறாள், இந்தக் குரலில் ஒரு தடவையும் கூப்பிட்டதில்லை. பிறகு என் தோளில் சாய்ந்துவிட்டாள். எல்லம்மா பிள்ளையைக் கேட்கவே இல்லை, அந்த ஒரு வார்த்தையைத்தான் கேட்டிருக்கிறாள். அதையும் தராமல் அத்தனை நாள் தட்டித் தட்டி விட்டேனே என்று அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அவள் செத்த அன்று அழாத மிச்ச அழுகை அது.

அதற்குப் பிறகு யாழினி தூக்கத்தில் நடக்கவே இல்லை. ஆனால் மறுநாள் காலையில் எழுந்து வந்தவள், "பசிக்குது அத்தே" என்றாள். அப்போது நான் பீரோவிலிருந்த போட்டோவை வெளியே எடுத்திருக்கவில்லை, அவளிடம் ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கவில்லை. ஏன் அத்தை என்கிறாய் என்று கேட்டதற்கு, எப்பவும் அப்படித்தானே கூப்பிடுவேன் என்று ஆச்சரியமாகப் பார்த்தாள். இப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், எல்லம்மாவின் போட்டோ ஹாலில் மாட்டியிருக்கிறது. பாசத்தில் ஒரு குறையும் இல்லை, என் மேல் காலைப் போட்டுத்தான் தூங்குகிறாள், ஆனாலும் நான் அத்தைதான். என் புருஷன் டாக்டர் சொன்ன மாதிரி ஏதோ சொல்லித் தேற்றுகிறார்.

என்னிடம் ஒரு பழைய வீடியோ இருக்கிறது. அவளுடைய ஐந்தாவது பிறந்தநாளுக்கு நான் போனில் எடுத்தது, அவள் தூக்கத்தில் நடக்க ஆரம்பிப்பதற்கு மூன்று வருஷம் முன்னால். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான் இருந்தோம். கேக்கை வெட்டிவிட்டு, "அம்மா, ஆ காட்டு" என்று ஒரு துண்டை நீட்டுவாள். மனசு கனத்தால் அதைப் போட்டுப் பார்ப்பேன், என்னை அம்மா என்று கூப்பிட்டதற்கு மிச்சமிருப்பது அது ஒன்றுதானே.

போன மாதம் அதைக் கொஞ்சம் பெரிதாக்கிப் பார்த்தேன். போனைப் பிடித்திருந்தது நான். கேக்கை நீட்டும்போது அவள் பார்ப்பது என்னை இல்லை. எனக்கு இடதுபக்கம், தோளுக்குப் பக்கத்தில், ஓர் ஆள் உயரத்தில் எதையோ பார்த்துச் சிரிக்கிறாள்.