ஏதென்ஸுக்குப் போன குரங்குக் குல்லா

ஒரு ஏப்ரல் மதியம், குன்னூரிலிருந்து ஊட்டி போகும் பஸ்ஸில் ஒரு பெரியவர் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். டீ ஃபேக்டரியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாவும் அவரோடு கூடப் பிறந்தவை போலிருந்தன. ஏதென்ஸில் இருக்கும் மகளைப் பார்த்துவிட்டு வந்திருந்தார்.

"பழைய கோயில் மலை உச்சியில இருக்குதுன்னாங்க. மலைன்னா குளிருமேன்னு இதையெல்லாம் மாட்டிக்கிட்டு ஏறினேனுங்க. வெந்துட்டேன்!"

"கழற்றியிருக்கலாமே?"

"உச்சிக்குப் போனாக் குளிரும்னு பார்த்தேன். கடைசி வரைக்கும் குளிரலீங்க. அது என்ன மலைங்க? மக அங்கயே இருந்துக்கச் சொன்னா. நம்ம குளிரை உட்டுட்டு எப்படிங்க இருக்கறது?"

சொல்லிக்கொண்டே குல்லாவைத் தூக்கி நெற்றி வியர்வையைத் துடைத்தார். நான் ஜன்னலை மெல்லத் திறந்துவிட்டேன். ஊட்டி வரும்வரை வெயிலைப் பற்றி மட்டும் நான் வாய் திறக்கவில்லை.