மேட்டுக்காட்டுக்கு லைன் கொண்டுவந்தவன்

மேட்டுக்காட்டுக்குக் கரண்டு லைன் கொண்டுவந்தது நான். ஊர் முகப்போடு திரும்பிப் போய்க்கொண்டிருந்த டவுன் பஸ்ஸை எங்கள் தெரு வரைக்கும் லைன் நீட்ட வைத்தது நான். எங்கள் தெருவில் முதல் போன் லைன் இழுத்தது என் வீட்டுக்கு. கல்லும் முள்ளுமாகக் கிடந்த காட்டில் கல்தூண் ஊன்றி, பன்னீர் திராட்சைக்குப் பந்தல் கம்பியை லைன் பிடித்துக் கட்டியதும் நான்தான். இது எல்லாவற்றுக்கும் மேலே, ஆத்தோரக் கிணற்றிலிருந்து மேட்டுக்காட்டுக்குத் தண்ணீர் லைன் கொண்டுபோனேன். படித்தது மூணாங்கிளாஸ், அதுவும் பாதி. அந்தத் தண்ணீர் லைனுக்கு மோட்டார் ரூம் சுவரில் ஒரு கல் பதித்திருக்கிறார்கள். அதில் என் பேர் இல்லை. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

லைன் என்பது இங்கிலீஷ் வார்த்தை என்று எனக்கு ரொம்ப நாள் தெரியாது. நான் பிறந்ததே லைனில்தான். மலைக்கு மேலே, கேரளாப் பக்கம் ஏலத்தோட்டத்தில் கூலிக்காரர்களுக்கு வரிசையாகக் கட்டிவிட்ட வீடுகளுக்கு அதுதான் பேர். ஒரு வீட்டில் இருமினால் அடுத்த வீட்டில் தூக்கம் போகும். கீழே இறங்கி வந்து போடி பஜாரில் மூட்டை தூக்கினேன். அங்கே கடைக்காரர்கள் ஒருத்தரையொருத்தர், "நீங்க என்ன லைன்?" என்று கேட்டுக்கொள்வார்கள். என்ன வியாபாரம் என்று அர்த்தம். என்னை ஒருத்தரும் கேட்டதில்லை. தலையில் மூட்டை இருக்கும்போது கேட்க என்ன இருக்கிறது?

அந்த மூட்டையில்தான் என் தம்பி இஞ்சினியருக்குப் படித்தான். எனக்குப் பிள்ளை மாதிரி, அவ்வளவு இளையவன். காலேஜில் அவனும் ஒரு லைன் போட்டான். கூடப் படிக்கிற பெண்பிள்ளை பின்னால் சுற்றுவதற்கும் அதே வார்த்தைதானாம். பாழாய்ப்போன வார்த்தை, எங்கே வேண்டுமானாலும் போய் ஒட்டிக்கொள்ளும்.

இது தெரியாமல் பக்கத்துத் தோட்டத்து மாமா தன் மகளை அவனுக்குக் கொடுப்பதாகத் தாம்பூலத் தட்டோடு சொந்தபந்தத்தைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். தம்பி கொல்லைப்பக்கமாகப் போய் பஸ் ஏறிவிட்டான். தட்டோடு உட்கார்ந்திருந்த மனுசரிடம் முடியாது என்று சொல்ல வேண்டி வந்தது என் வாயால்தான். அதோடு ரெண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது.

சில வருஷம் கழித்துத்தான் தண்ணீர் லைன் யோசனை வந்தது. மேட்டுக்காட்டில் நிலம் வைத்திருந்த சம்சாரிகளை வீடு வீடாகப் போய்ச் சேர்த்து, சங்கம் வைத்து, கிணறு வெட்ட வைத்தேன். தம்பி சென்னையிலிருந்து வந்து பேப்பரில் சிவப்புப் பென்சிலால் ஒரு கோடு இழுத்தான். கோடு நேராக மாமாவின் திராட்சைத் தோட்டத்துக்குள்ளே போனது.

"சுத்திக் கொண்டுபோக முடியாதாடா?"

"சுத்துனா கரடுண்ணே. பாறை. இதான் லைன்."

"அப்ப நீ வந்து கேளு."

"நான் வந்தா நல்லாருக்காதுண்ணே. நீங்க போயிட்டு வாங்க."

எங்கள் பக்கம் அடுத்தவர் தோட்டத்தில் குழாய் பதிக்கப் பத்திரம் எழுதுவதில்லை. நிலத்துக்காரர் தன் மண்வெட்டியால் தன் மண்ணில் முதல் வெட்டு வெட்டிக் கொடுக்க வேண்டும். வெட்டிவிட்டால் அவர் பேரன் காலத்திலும் அந்தக் குழாயில் கை வைக்கமாட்டார்கள். வெட்டாவிட்டால் எந்த ஆபீசர் வந்தாலும் ஆகாது. இறக்கி வைத்த குழாயெல்லாம் ரோட்டோரம் வெயிலில் கிடந்தது. சங்கத்து ஆட்கள் என் மூஞ்சியைப் பார்த்தார்கள்.

போனேன். மாமா பந்தலுக்கு அடியில் நின்று கவாத்து வெட்டிக்கொண்டிருந்தார். கத்திரியை நிறுத்தவில்லை.

"வாங்க மாப்ள. பாதை தெரிஞ்சுச்சா?"

விஷயத்தைச் சொன்னேன்.

"இங்கன வச்சு என்ன பேச்சு. காலைல டீக்கடைக்கு வாரும். நாலு பேரு இருப்பாக. அங்கன கேளும்."

மறுநாள் டீக்கடையில் பெஞ்சு நிறைய ஆள். நின்றுகொண்டே கேட்டேன்.

"அன்னைக்கு ஒம்ம தம்பி காலேஜ்ல லைன் போட்டான். இன்னைக்கு நீரு எந்தோட்டத்துல லைன் போட வந்திருக்கீரு. குடும்பமே லைன்மேனா இருக்கீகளே மாப்ள!"

கடையே சிரித்தது. டீ ஆற்றுகிறவனும் சிரித்தான். அப்புறம் மாமா குரலை இறக்கினார்.

"எம் மக இப்ப ராயப்பன்பட்டில டீச்சரு. புருசன், பிள்ளைன்னு நல்லாருக்கா. ஆனா அன்னைக்கு நீங்க தட்டத் திருப்பி அனுப்புனப்ப இந்த ஊரு என்ன பேசுச்சு தெரியுமா? பொண்ணுகிட்ட ஏதோ குறைன்னு பேசுச்சு. இந்தா, அப்படிப் பேசுனவுக பூராம் இங்கனதான் உக்காந்திருக்காக. இவுக காதுல விழுகுற மாதிரி சொல்லும், என்ன குறைன்னு."

பெஞ்சில் இருந்தவர்கள் டம்ளரைப் பார்த்தார்கள். நான் மேல்துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன்.

"அந்தப் பிள்ளைகிட்ட ஒரு குறையும் இல்ல. குறை எங்க வீட்டுலதான். எந்தம்பி பயந்து ஓடிட்டான்."

நான் யாருக்கும் துண்டு இறக்கினவன் இல்லை. பஜாரில் முதலாளிக்கு இறக்கவில்லை, கரண்டு லைனுக்காக அலைந்தபோது ஆபீசருக்கும் இறக்கவில்லை. அன்று இறக்கினேன், தம்பி ஓடினதற்காக.

மாமா டீயைக் குடித்து முடித்தார். எழுந்து நேரே தோட்டத்துக்கு நடந்தார். நாங்கள் போய்ச் சேருவதற்குள் பந்தலடியில் முதல் வெட்டு விழுந்துவிட்டது.

தண்ணீர் மேலே ஏறி வந்த அன்றைக்குத்தான் கல்லையும் திறந்தார்கள். 'திட்டம்' என்று போட்டுத் தம்பி பேர், பக்கத்தில் அவன் பட்டம். கீழே உறுப்பினர்கள் பேர். அதிலும் நான் இல்லை. நிலத்தை நான்தான் தம்பி பேரில் வாங்கினேன், அதனால் உறுப்பினரும் அவன்தானாம்.

"ஏலே, எம் பேரு எங்கடா?"

"அண்ணே, லைனப் போட்டது நானு. நீங்க நாலு பேருகிட்ட பேசிக் குடுத்தீக. பேசுனதையெல்லாம் கல்லுல வெட்ட முடியுமா?"

சுற்றி நின்றவர்கள் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாமாவும் இருந்தார், வாய் திறக்கவில்லை. அவருக்கு வேண்டியது டீக்கடையிலேயே கிடைத்துவிட்டது.

இஞ்சினியருக்குப் பேப்பரில் இழுத்தால் லைன். கரண்டாபீசுக்குக் கம்பி கட்டினால் லைன். பஸ்காரனுக்கு ஓடுகிற ரோடு லைன். அவனவன் துறையில் அவனவனுக்கு ஒன்று. அதை நான் தப்பென்று சொல்லவில்லை. ஆனால் பேப்பரில் இழுத்த கோட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் ஏறாது. இன்றைக்கு அந்த மேட்டில் தென்னை நிற்கிறது, திராட்சை நிற்கிறது. கல்லை வாசித்துவிட்டுப் போகிறவனுக்கு அது எங்கே தெரியும்?

சங்கத்துக்காரர்களுக்குச் சொல்கிறேன். கல்லைக் கழற்றுங்கள். தம்பி பேர் இருக்கட்டும், நான் வேண்டாமென்று சொல்லவில்லை. அவன் பேருக்கு மேலே என் பேரை வெட்டுங்கள். நிலத்துக்காரரிடம் சம்மதம் வாங்கி லைனைக் கொண்டுவந்து சேர்த்தவர் என்று தெளிவாக வெட்டுங்கள். நான் செத்த பிறகு மாலை போட்டு எழுதுவது எனக்கு வேண்டாம். நான் போய் நின்று பார்க்க வேண்டும். இப்போதே வெட்டுங்கள்.