உலர்த்தும் அறையில் அடைபட்ட சார்ஜன்ட்

எங்கள் பெரியம்மாவைப் பற்றி வீட்டில் யார் பேச ஆரம்பித்தாலும் பேச்சு அந்த சார்ஜன்ட் கதையில்தான் வந்து நிற்கும். ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள். சித்தப்பா சொன்னால் ஏழு சிப்பாய்கள், ஒரு பீரங்கி. அந்தக் காலத்தில் அவர் ஊரிலேயே இல்லை என்பதை யாராவது நினைவுபடுத்தினால் அவருக்குக் கோபம் வந்துவிடும். பக்கத்தில் நின்று பார்த்தவள் என் அம்மா ஒருத்திதான். வந்தது இரண்டே பேர். பீரங்கி எல்லாம் கிடையாது, ஒரு ஓட்டை ஜீப். நான் அம்மா சொன்னபடிதான் சொல்லப்போகிறேன். சித்தப்பாவுக்குப் பிடிக்காவிட்டால் அவர் தனியாக எழுதிக்கொள்ளட்டும்.

பெரியம்மா சலவைக்கடை வைத்திருந்தாள். தெரு முனைக்கு நாலு கடை தள்ளி, முன்பக்கம் துணி வாங்குகிற மேசை, அதன் பின்னால் இஸ்திரி மேசை, அதற்கும் பின்னால் தொட்டிகள். கடைசியில் உலர்த்தும் அறை. ஜன்னல் இல்லாத செங்கல் அறை அது. வெளியில் கரி அடுப்பு எரியும், சூடு குழாய் வழியாக உள்ளே போகும். ஈரத்தில் ஊறி ஊறிக் கதவு சரியாக மூடாது என்பதால் வெளிப்பக்கம் குறுக்கே ஒரு இரும்புக் கம்பி. துணி காய்ந்துவிட்டதா என்று பார்க்கக் கதவில் மார்பு உயரத்துக்கு ஒரு சின்னக் கண்ணாடி. அவ்வளவுதான் கடை. என் அம்மா அவளுக்குத் தங்கை, கூடவே வேலை செய்தாள்.

பெரியம்மாவுக்கு ஆள் மறந்துபோகும், சட்டை மறக்காது. யார் வந்து நின்றாலும் தலையைத் தூக்க மாட்டாள். "காலர் நைஞ்ச கோடு போட்ட சட்டைதானே? நாளைக்கு வாங்க" என்பாள், இஸ்திரிப் பெட்டி பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். பெரியப்பாவை முதன்முதலில் பார்த்தபோது எப்படி இருந்தார் என்று நான் ஒருமுறை கேட்டேன். "மூணாவது பொத்தானை வேற நூல்ல தைச்சிருந்தார்" என்றாள். வேறு எதுவும் அவளுக்கு ஞாபகம் இல்லை. இப்படி ஒரு மனுஷி.

அப்புறம் அந்நியப் பட்டாளம் ஊருக்குள் வந்தது. வந்த வாரமே ஒரு உத்தரவு போட்டார்கள். சிப்பாய் யாராவது எதிரே வந்தால் நின்று தலையைக் குனிய வேண்டும். முகத்தை நிமிர்ந்து பார்த்தால் அறை விழும், சில சமயம் அறையோடு நிற்காது. கொஞ்ச நாளில் ஊரே பழகிவிட்டது. எல்லாருக்கும் சிப்பாய்கள் என்றால் பூட்ஸ், பெல்ட், பொத்தான். அதற்கு மேலே ஒரு தலை இருக்கிறது என்பதையே மறந்துவிட்டார்கள். மற்றவர்களுக்கு அது அவமானம். பெரியம்மாவுக்கு அதில் புதிதாகக் கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை.

பட்டாளத்துச் சீருடைகளும் அவள் கடைக்குத்தான் வந்தன. மறுக்க முடியுமா? திட்டிக்கொண்டே துவைத்தாள். துவைக்கத் துவைக்க ஒவ்வொரு கோட்டும் அவளுக்கு அத்துப்படி. எங்கள் தெருவில் வீடு வீடாகச் சோதனை போடுகிற சார்ஜன்ட்டுக்கு அவள் வைத்த பெயர் ஒட்டுமுழங்கை. எந்த வீட்டுக் கதவையோ இடித்தபோது அவன் கோட்டின் இடது முழங்கை கிழிந்துபோனது. பெரியம்மாதான் ஒட்டுப் போட்டாள். அதே நிறத் துணி கிடைக்காமல் கொஞ்சம் கறுப்பு கூடிய துணி. அந்த ஒட்டு தெருவில் வருகிறது என்றால் வீடுகளில் மூச்சுச் சத்தம் கேட்காது. அவன் பிடித்துக்கொண்டு போனவர்களில் ஒருத்தரும் திரும்பி வந்ததில்லை.

பெரியப்பா அச்சாபீஸில் எழுத்துக் கோர்க்கிறவர். பட்டாளத்துக்கு எதிராக ரகசியத் துண்டறிக்கைகளும் அங்கே அச்சாயின. ஒருநாள் ஆபீஸைச் சுற்றி வளைத்துவிட்டார்கள். போர்மேன் மாட்டிக்கொண்டார் என்று ஊரெல்லாம் பேச்சு. பெரியப்பா பின்சுவர் ஏறிக் குதித்தார். சுவரில் இருந்த தகரம் முழங்காலுக்குக் கீழே ஆழமாகக் கிழித்துவிட்டது. உலர்த்தும் அறைக்கு மேலே உட்கார்ந்தால் தலை இடிக்கிற ஒரு பரண் உண்டு. விரிப்புகள் வைக்கிற அலமாரிக்குப் பின்னால் அதற்கு ஏணி. அங்கேதான் அவரை ஒளித்து வைத்தாள். புண் சீழ் பிடித்து, வீக்கம் முழங்காலைத் தாண்டி ஏறியது. காய்ச்சலில் மனுஷர் உளற ஆரம்பித்துவிட்டார். காலை எடுக்காமல் காப்பாற்ற வேண்டுமானால் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற டாக்டரிடம் உடனே போயாக வேண்டும். பாலத்தில் காவல். ரொட்டிக்காரர் மூலம் ஒரு சொல் வந்தது: "ஆள் வரும், தயாரா இருங்க." எப்போது, எப்படி என்று ரொட்டிக்காரருக்கே தெரியாது.

பெரியம்மா காய்கறி வண்டியை எதிர்பார்த்தாள். மூட்டை தூக்குகிற கிழவர் யாராவது வரலாம் என்று நினைத்தாள். தெருவில் போன ஒரு குப்பைக்காரரைக் கூப்பிட்டுத் தண்ணீர் கொடுத்து, அவர் ஏதாவது சொல்வார் என்று வாயையே பார்த்துக்கொண்டிருந்தாளாம். அவர் குடித்துவிட்டு, தண்ணீர் உப்புக் கரிக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் மத்தியானம் வாசலில் ஜீப் வந்து நின்றது. இரண்டு ஜோடி பூட்ஸ் உள்ளே வந்தன. பெரியம்மாவின் தலை தானாகக் குனிந்தது. கண்ணுக்கு நேரே இடது முழங்கை, அதில் அவளே போட்ட கறுப்பு ஒட்டு. வந்தவன் அவர்கள் பாஷையில் ஏதோ கத்தினான், அழுக்குத்துணிக் கூடையை ஓங்கி உதைத்தான். தெருமுனையில் காவல் நிற்கிற பட்டாளத்துக் காவல்காரனுக்குக் கடை வாசல் நன்றாகத் தெரியும்.

இப்போது எல்லாருக்கும் தெரிந்த உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கோட்டுக்குள் இருந்தது போர்மேன். அவர் மாட்டவே இல்லை, தப்பித்துக் காட்டுப்பக்கம் போய்விட்டார். ஒட்டுமுழங்கை வயிற்றுக் கோளாறில் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தான். அவன் கோட்டை, முகாமைப் பெருக்குகிறவர் கொக்கியிலிருந்து உருவிக் கொடுத்திருந்தார். கூட வந்தவர் டிரைவர், அவரும் நம்மாள்தான். கூடையை உதைத்த கையோடு போர்மேன் பெரியம்மாவைப் பார்த்துக் கண்ணடித்தாராம். யார் பார்த்தது? அவள் பொத்தானைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் அம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெரியம்மா அழவில்லை, கெஞ்சவில்லை. உள்ளே பாருங்கள் என்பதுபோல உலர்த்தும் அறையைக் கை காட்டினாள். பெரியப்பா அந்த அறையில் இருப்பதாகத்தான் அவர்களுக்குத் தகவல். பரண் விஷயம் தெரியாது. நம்ம அக்கா புரிந்துகொண்டுவிட்டாள் என்ற சந்தோஷத்தில் இருவரும் விறுவிறுவென்று உள்ளே போனார்கள். பெரியம்மா கதவைச் சாத்திக் கம்பியைப் போட்டாள். அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. அடுப்பில் இரண்டு கூடைக் கரியைக் கொட்டினாள்.

"அக்கா, என்ன பண்ற நீ?" என்றாள் அம்மா.

"வேக வைக்கிறேன். அவரை வண்டியில ஏத்துறதுக்கு ஆள் வர்ற வரைக்கும் இவங்க உள்ளேயே கிடக்கட்டும்."

"வெளியில ஜீப் நிக்குதே. காவல்காரன் வந்து கேட்டா?"

"கேட்டா பாத்துக்கலாம். நீ தொட்டியில தண்ணிய அடி. சத்தம் வெளிய கேக்கக் கூடாது."

உள்ளே இருந்து கதவில் இடி விழுந்தது. சூடு ஏற ஏற போர்மேனுக்கு அந்நிய பாஷை எல்லாம் மறந்துவிட்டது. இருமிக்கொண்டே, "அக்கா, கதவைத் திறங்க. நாந்தான் அக்கா" என்றார். பெரியம்மாவுக்குக் கோபம் தலைக்கேறியது. பட்டாளத்துக்கு ஆள்காட்டி வேலை பார்க்கிறவர்கள் எல்லாரும் நம் பாஷைதான் பேசுவார்கள், அக்கா என்றுதான் ஆரம்பிப்பார்கள்.

"அக்காவாம் அக்கா. கூடப்பொறந்தவன் மாதிரிதான்."

"அச்சாபீஸ் போர்மேன் அக்கா."

"போர்மேனைப் பிடிச்சுட்டுப்போய் எத்தனை நாளாச்சு. அந்த நல்ல மனுஷன் பேரைச் சொல்லிட்டு வர்றதுக்கு வெக்கமா இல்ல?"

இதற்குள் பரணில் பெரியப்பாவுக்கு விழிப்பு வந்துவிட்டது. கீழே கேட்பது போர்மேன் குரல் என்று காய்ச்சலிலும் அவருக்குத் தெரிந்தது. கத்தத் தெம்பில்லை. முஷ்டியால் பலகையைத் தட்டினார். பெரியம்மா அதைக் கேட்டு, மனுஷர் பயந்து நடுங்கித் தன்னைத்தானே காட்டிக்கொடுத்துக்கொள்கிறார் என்று முடிவு கட்டினாள். துணி கிளறுகிற கழியை எடுத்து, சும்மா இருங்கள் என்பதுபோலப் பரண் விளிம்பில் நாலு இடி இடித்தாள். அவர் மேலிருந்து தட்ட, இவள் கீழிருந்து இடிக்க, நடுவில் இரண்டு பேர் அவிந்துகொண்டிருந்தார்கள். என் அம்மா மட்டும் தொட்டித் தண்ணீரை அடித்துக்கொண்டே அழுதாள்.

உள்ளே கோட்டு உடம்பில் நிற்கவில்லை. கழற்றி எறிந்துவிட்டார்கள். போர்மேன் தோளைக் கொடுத்துக் கதவை முட்டினார். அப்போதுதான் கழியும் கையுமாகத் திரும்பிய பெரியம்மாவின் பார்வை அந்தச் சின்னக் கண்ணாடியில் விழுந்தது. மார்பு உயரத்துக் கண்ணாடி, முகம் தெரியாது. தெரிந்தது ஒரு சட்டைப்பை. சாயம் போன நீலச் சட்டை. பைக்குக் கீழே அச்சு மைக்கறை, காது மாதிரி வளைந்து.

அந்தக் கறையோடு அவள் வருஷக்கணக்காக மல்லுக்கட்டியிருக்கிறாள். உப்பு போட்டாள், மண்ணெண்ணெய் போட்டாள், எலுமிச்சை பிழிந்தாள். ஒவ்வொரு வாரமும் சட்டையைத் திருப்பிக் கொடுக்கும்போது, "இது என்னோட தோல்வி" என்று சொல்லியே கொடுப்பாள். உலகத்தில் வேறு எந்தச் சட்டையிலும் அந்தக் கறை கிடையாது. பெரியம்மா கழியைக் கீழே போட்டாள்.

"அடிப்பாவி, நம்ம போர்மேனுடி" என்று அவள் சொன்னது அம்மாவை அல்ல, தன்னையே.

கம்பியைத் தூக்கினாள். இரண்டு பேரும் வெளியே விழுந்தார்கள். முகம் நெருப்பாகச் சிவந்து, தலைமுடி நெற்றியில் ஒட்டி, டிரைவர் தொட்டித் தண்ணீரில் தலையை விட்டவர் எடுக்கவே இல்லை.

"யோவ், முதல்லயே சொல்றதுக்கு என்ன?" என்றாள் பெரியம்மா.

"கண்ணடிச்சேனே அக்கா" என்றார் போர்மேன், தரையில் உட்கார்ந்தபடி.

அவ்வளவுதான், பெரியம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுகையும் கூடவே வந்தது. ஆள் உயிரோடு இருக்கிறார், பெரியப்பாவைக் கூட்டிப்போக ஆள் வந்துவிட்டது, எதிரி என்று நினைத்துத் தன் கையாலேயே கொன்றிருப்பாள், கொல்லவில்லை. போர்மேனின் இரண்டு கன்னத்தையும் ஈரக்கையால் பிடித்து ஆட்டினாள். மேலே தட்டல் நின்றுபோயிருந்தது.

ஆனால் அப்படியே போக விடவில்லை. கோட்டு வியர்வையில் நனைந்து சுருண்டு கிடந்தது. "இந்தக் கோலத்துல அவன் செத்தாலும் தெருவுக்கு வர மாட்டான். காவல்காரனுக்குச் சந்தேகம் வந்துரும். நில்லுங்க" என்று இஸ்திரிப் பெட்டியைத் தூக்கினாள். போர்மேன் கறைச் சட்டையோடு நின்று தண்ணீர் குடித்தார். அவள் தேய்த்துக்கொண்டே திட்டினாள், திட்டிக்கொண்டே தேய்த்தாள். கைமடிப்பு கத்தி மாதிரி நின்ற பிறகுதான் கொடுத்தாள்.

பெரியப்பாவைப் பரணிலிருந்து இறக்கி, இரண்டு பேரும் கைதியை இழுப்பதுபோலத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனார்கள். பெரியம்மா பின்னால் கதறிக்கொண்டு ஓட வேண்டும் என்பது ஏற்பாடு. அவளுக்கு அழுகையே வரவில்லை, முகமெல்லாம் நிம்மதி. ஒரு ஈரத் துண்டை வாயில் அடைத்துக்கொண்டு தோளைக் குலுக்கினாள். என் அம்மா இரண்டு பேருக்கும் சேர்த்து அழுதாள். முனையில் நின்ற காவல்காரன் முழங்கை ஒட்டைப் பார்த்து விறைப்பாக சல்யூட் அடித்தான். அவனும் முகத்தைப் பார்க்கவில்லை. சார்ஜன்ட்டுகளை அவர்கள் ஆட்களே நிமிர்ந்து பார்க்கப் பயந்தார்கள் போல.

அன்று சாயங்காலமே கடையைப் பூட்டிவிட்டு அக்காவும் தங்கையும் எங்கள் தாத்தா வீட்டுக்குப் போய்விட்டார்கள். பாலத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து ரொட்டிக்காரர் கொண்டுவந்த செய்தி, கால் பிழைத்தது என்பது. அதைக் கேட்டதும் பெரியம்மா படுத்தவள், மறுநாள் மதியம்தான் எழுந்தாள்.

பட்டாளம் ஊரை விட்டுப் போன பிறகு கடை திறந்தது. இடைப்பட்ட காலத்தில் அவளுக்கு ஒரு புதுப் பழக்கம் வந்திருந்தது. துணி போட யார் வந்தாலும் முதலில் முகத்தைப் பார்த்தாள். அதுவும் சும்மா இல்லை, எதிரில் இருப்பவருக்குக் கூச்சம் வருகிற அளவுக்குப் பார்த்தாள். சில வாடிக்கையாளர்கள் என் அம்மாவிடம் தனியாக முறையிட்டார்கள்.

ஒருநாள் காலை, கடையில் நீராவியாக இருந்தபோது, வாசலில் ஒருவர் வந்து நின்றார். யாரோ கொடுத்த தொளதொள சட்டை, எதிரிப் பட்டாளம் விட்டுப்போன கால்சட்டை, கையில் ஊன்றுகோல். அம்மா வாயைத் திறப்பதற்குள் பெரியம்மா மேசையைச் சுற்றிக்கொண்டு வந்துவிட்டாள். சட்டையைப் பார்க்கவே இல்லை. மோவாயில் ஈரக்கையை வைத்து முகத்தை வெளிச்சத்துக்குத் தூக்கினாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"உங்களுக்கு இடது கண்ணு கொஞ்சம் சின்னது" என்றாள்.

"பொறந்ததிலேர்ந்து அப்படித்தான் இருக்கு" என்றார் பெரியப்பா. "நீ இப்பதான் பாக்குற."