முதலில் யாருக்கு ஓம் சொன்னேன்

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். டென்மார்க்குக்கு வந்து மேற்குக் கரையில் மீன் தொழிற்சாலையில் வேலைக்கு நின்றேன். பிறகு ஓகூஸ் நகரத்தில் துப்புரவு வேலைக்குச் சேர்ந்து, அதையே சொந்த நிறுவனமாக்கிப் பதினொரு பேருக்கு வேலை கொடுத்தேன். டேனிஷில் ஒரு கடிதம் ஒழுங்காக எழுதத் தெரியாமல் அதைச் செய்தேன் என்பதைக் கவனிக்கவேண்டும். வீடு வாங்கினேன், மூன்று பிள்ளைகளைப் படிப்பித்தேன். கோயில் மடைப்பள்ளித் தட்டுகள் இன்றைக்கும் நான் அடித்த ஆணியில்தான் நிற்கின்றன. இத்தனையும் செய்தவன் பேத்தியின் உதைபந்தாட்டத்தில் மட்டும் சும்மா இருந்தான் என்று யாரும் எழுதினால் அது சரியில்லை.

இது பேத்தியின் சிறுவயதுக் கதை. ஆனால் முழுக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

அப்போது அவளுக்குப் பதின்மூன்று வயது. நகரத்தில் பெரிய கழகம் ஒன்று, நல்லாக விளையாடும் பெண்பிள்ளைகளை மட்டும் பொறுக்கி எடுக்கும். அங்கே சேர்ந்தால் வேறெங்கும் விளையாடக் கூடாது. ஒரு திங்கட்கிழமை அந்தக் கழகத்துப் பயிற்சியாளர் எங்கள் வீட்டுக்கு வந்தார். மகனும் மருமகளும் வேலையில். நான்தான் மீன் ரோல்ஸும் தேத்தண்ணியும் கொடுத்தேன். மனிதர் நான்கு ரோல்ஸ் சாப்பிட்டார். வருகிற வெள்ளி மூன்று மணிக்குக் கடைசித் தெரிவு ஆட்டம், பிள்ளை வருவாளா என்று கேட்டார். ஓம் என்று தலையாட்டினேன். நீலச் சட்டை ஒன்றைத் தந்துவிட்டுப் போனார். அதை விருந்தினர் கண்ணில் படும்படி கதிரையில் விரித்துப் போட்டேன்.

புதன்கிழமை பள்ளிக்கூட வாத்தியார் வந்தார். பாடசாலைகளுக்கு இடையிலான போட்டியாம். ஏழு பேர் ஆடும் ஆட்டத்துக்கு அவரிடம் இருந்ததே ஏழு பெண்கள்தான், பேத்தியையும் சேர்த்து. அதே ரோல்ஸ், அதே வெள்ளி, அதே மூன்று மணி. என் வாயிலும் அதே ஓம்.

வீட்டுக்கு வந்து கை நனைத்தவரிடம் முகத்துக்கு நேரே மாட்டேன் என்று சொல்வது எங்களுக்கு வராது. ஓம் என்பது ஒரு மரியாதை. நாள் வரும்போது பார்த்துக்கொள்ளலாம். டேனிஷ்காரனோ அந்த ஓமைக் கொண்டுபோய் நாட்குறிப்பில் எழுதிவிடுகிறான்.

வெள்ளி காலையில் இரண்டு பேரிடமிருந்தும் மகனுடைய தொலைபேசிக்கு மூன்று மணியை நினைவூட்டிச் செய்தி வந்தது.

“அப்பா, என்ன செய்து வச்சிருக்கிறியள்?” என்றான் மகன்.

மருமகளுக்காக அலுமாரிக் கதவுதான் படார் என்று பேசியது. இரண்டு பேருக்கும் வேலைக்கு நேரமாகிவிட்டது. முடிச்சுப் போட்டவரே அவிழ்க்கட்டும் என்று என்னிடம் விட்டுப் போனார்கள்.

எனக்கென்ன, நான் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டேன். பேத்தி பெரிய கழகத்தில் சேர்ந்துவிட்டாள் என்று கோயிலில் அன்னதான வரிசை முழுவதற்கும் சொல்லியாயிற்று. பள்ளிக்கூடம் முடிந்ததும் அவளைக் காரில் ஏற்றினேன். மடியில் நீலச் சட்டையை வைத்துக்கொண்டு இருந்தாள். பள்ளிக்கூட வாசலில் மற்ற ஆறு பிள்ளைகளும் நின்றார்கள். கூப்பிடவில்லை. எங்களைப் பார்க்காதமாதிரிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கோல் காக்கிற பிள்ளை தகப்பனின் தோட்ட வேலைக் கையுறையைப் போட்டிருந்தது. பேத்திக்கு அதைக் கண்டதும் சிரிப்பு வந்தது. பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

“அப்பப்பா, ரெண்டு பேரிலை ஆருக்கு முதல் ஓம் சொன்னனீங்கள்?”

எனக்கு இன்றைக்கும் இது புதிராகத்தான் இருக்கிறது. எது பெரிய இடம் என்று அவள் கேட்கவில்லை. நான் எதை விரும்புகிறேன் என்றும் கேட்கவில்லை. இந்த நாட்டில் பிறந்த பிள்ளைகளுக்கு ஒழுங்கு என்றால் ஒழுங்கு. முதலில் யாருக்குச் சொன்னோமோ அவருக்குத்தான். நான் வாயைத் திறந்து உண்மையைச் சொன்னால் போதும், கார் நேரே கழகத்து மைதானத்தில் போய் நிற்கும்.

அவளைப் பார்த்தேன். கண் என்னிடம் இல்லை, அந்தக் கையுறையில் இருந்தது.

“வாத்தியாருக்குத்தான்” என்றேன்.

“சத்தியமா?”

“அப்பப்பா எப்ப பொய் சொன்னனான்?”

சட்டையை என் மடியில் போட்டுவிட்டு ஓடினாள்.

ஆறுக்குப் பூச்சியம் என்று தோற்றார்கள். தோற்றுவிட்டு ஏழு பேரும் புல்லில் விழுந்து கிடந்து சிரித்தார்கள். தோற்றவர்கள் ஏன் சிரிக்கிறார்கள் என்று வாத்தியாரைக் கேட்டேன். அவரும் சிரித்தார். கழகத்தில் அந்த இடம் வேறொரு பிள்ளைக்குப் போனது. சட்டையைத் தோய்த்து, இஸ்திரிப் பெட்டியால் மினுக்கி, நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். நான்கு ரோல்ஸ் சாப்பிட்ட மனிதர் எனக்கு ஒரு கோப்பிகூடத் தரவில்லை. கோயிலில் பட்ட பாட்டை இங்கே எழுதப்போவதில்லை.

இப்போது அவள் ஜிம்னேசியம் என்கிற மேல்நிலைப் பள்ளியில் படிக்கிறாள். அங்கேயும் பெண்களுக்கு ஒரு அணி கட்டியிருக்கிறாள், தோட்டக் கையுறைக்காரிதான் இன்னும் கோல் காக்கிறாள். பள்ளிச் சஞ்சிகையில் அவளைப் பற்றி ஒரு பக்கம் வந்தது. மகன் வாசித்துச் சொன்னான். பெரிய கழகத்தை ஏன் விட்டாய் என்று கேட்டிருக்கிறார்கள். முதலில் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினேன் என்று சொல்லியிருக்கிறாள். முடிவு முழுக்கத் தன்னுடையதாம்.

பதின்மூன்று வயதில் அவளுக்கு விளங்கவில்லை, சரி. பதினேழிலும் விளங்கவில்லை. அவள் காப்பாற்றிய வாக்கு இரண்டாவது வாக்கு. ஆகவே சஞ்சிகைக்காரர் அடுத்த முறை எழுதும்போது என்னையும் கேட்கவேண்டும். பெயர் போடத் தேவையில்லை, அப்பப்பா என்று போட்டால் போதும். ஆனால் அந்தப் பொய் என்னுடையது என்று ஒரு வரி வரத்தான் வேண்டும்.