ஐந்து முள்முருங்கை மரங்கள்

திண்ணனூர் நாடு என்ற பகுதியின் பள்ளிக்கு மாற்றலாகி மலையேறியபோதே நான் தாவரவியலில் முதுகலைப் பட்டம் பெற்றவன். அந்த நாட்களில் மரஞ்செடிகளைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் அக்கம்பக்கத்தார் அரிவாளை எடுப்பார்கள். இதைத் தற்பெருமை என்று நீங்கள் நினைத்தாலும் எனக்கு ஆட்சேபணையில்லை.

சென்ற வாரம் பறவைகளைக் கணக்கெடுக்கக் கல்லூரிப் பிள்ளைகள் சிலர் வந்திருந்தார்கள். டீக்கடையில் என் பழைய வீட்டுக்காரர் பெரியண்ணன் அவர்களிடம் என்னைக் கைகாட்டி, "குருவி வார மரத்தையெல்லாம் வெட்டச் சொன்னதே இந்த சாருதானுங்க" என்றார். பிள்ளைகள் சிரித்தார்கள். நான் டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். வாசலில் பாய்விரித்துக் காயவைத்திருந்த மிளகின் நெடி மூக்கில் ஏறியது. கூடவே அந்தப் பழைய வீடும் நினைவுக்கு வந்துவிட்டது.

பெரியண்ணனுக்குச் சொந்தமான வீடு. நான் வாடகைக்கு இருந்தேன். பின்புறம் ஐந்து முள்முருங்கை மரங்கள், ஒவ்வொன்றிலும் அவருடைய மிளகுக்கொடி. ஐப்பசியில் சாம்பல் வாலாட்டிக் குருவி மரங்களை ஒட்டிய வாய்க்காலின் கல்லுக்கு வந்து சேரும். மார்கழிப் பனியில் எதுவும் தெரியாது, குரல்கள் மட்டும் கேட்கும். தை பிறந்தால் இலையுதிர்ந்த கிளைகளில் சிவப்புப் பூக்கள். மைனா, கரிச்சான், கொண்டைக்குருவி, தேன்சிட்டு என்று ஒரே இரைச்சல். நான் கம்பளித் தொப்பியோடு நாற்காலியில் விறைப்பாக அமர்ந்து, வருகைப் பதிவு எடுப்பதுபோல் நோட்டில் எழுதுவேன். வராத பறவைமீது கோபம்கூட வரும்.

ஒரு வைகாசியில், கொடிக்கு வெயில் போதவில்லை என்று பெரியண்ணன் யோசனை கேட்டார். மழை பிடிக்குமுன் பக்கக் கிளைகளைக் கழிக்கச் சொன்னேன். தலையாட்டினார், கழிக்கவில்லை. அடுத்த தையில் ஒருநாள் நான் பள்ளிவிட்டு வந்தபோது ஐந்து மரங்களும் மொட்டையாக நின்றன. தரையெங்கும் சிவப்பு.

"பூத்த மரத்தையா கழிப்பாங்க?"

"நீங்கதானுங்க சார் கழிக்கச் சொன்னீங்க. மொளகு பழுத்திருக்குது, குருவி மொய்க்குது. பார்த்துக்கிட்டு இருக்கச் சொல்றீங்களா?"

"அது பூவுக்கு வருதுய்யா."

"உங்ககிட்ட வந்து சொல்லுச்சுங்களா?"

வேலியோரம் நின்றவர்கள் சிரித்தார்கள். பங்குனி வெயிலில் நிழலற்ற கொடிகள் கருகின, மரங்களும் பட்டுப்போயின. "படிச்ச வாத்தியார் பேச்சைக் கேட்டுக் கெட்டேன்" என்று பெரியண்ணன் ஊரெல்லாம் சொன்னார். அதன்பின் ஒருவரும் என்னிடம் யோசனை கேட்டதில்லை. நான் வீட்டைக் காலிசெய்தேன். இன்றுவரை அவரோடு பேச்சில்லை. பேசும் உத்தேசமும் இல்லை.

பட்ட மரங்களை வெட்டியெறிந்த இடத்தில் இப்போது சில்வர் ஓக் மரங்கள் வரிசைகட்டி நிற்கின்றன. வாய்க்கால் குழாய்க்குள் போய்விட்டது. தையில் அங்கே சிவப்பு என்று சொல்ல ஒன்றுமில்லை. கணக்கெடுக்க வந்த பிள்ளைகள் அரைமணி நேரம் நின்று, இரண்டு காக்கைகளை எழுதிக்கொண்டு போனார்கள்.

பெரியண்ணன் அவர்களிடம் சொன்னது தவறு. நான் கழிக்கச் சொன்னது மழைக்கு முன்னால், பக்கக் கிளைகளை மட்டும். பூத்த மரங்களை மொட்டையடித்தவர் அவர்.