இலை போடுவதற்கு முன் ஒரு வரி

ஐயப்பனுக்குப் பூஜை செய்து தெருவுக்கே சாப்பாடு போடும் சாஸ்தா பிரீதி அன்று எங்கள் தெருவில் சாப்பிட வருவதாக யாரும் முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள். திருவனந்தபுரத்தில் மற்ற இடங்களில் எப்படியோ, இங்கே அது கௌரவக் குறைச்சல். பேர் கொடுப்பார்கள். ஆனால் வெல்லம் காய்ச்சும் வாசனை தெருமுனைக்கு வந்த பிறகுதான் கொடுப்பார்கள். எனக்கு இது தெரியும். என் கம்ப்யூட்டர் நிரலுக்குத் தெரியாது.

பகலில் கழக்கூட்டத்தில் ஓர் ஆபீசில் ஜாவா எழுதுகிறேன். தெருவின் பொது மண்டபத்துக்கும் ஒரு சின்ன நிரல் எழுதித் தரச் சொன்னார்கள். போனில் பேர் கொடுத்தால் அது லிஸ்டில் போய்ச் சேரும். ஊசி, மருந்து என்று குறித்தவர்களுக்கு முதல் பந்தி. யாருக்கு எந்தப் பந்தி என்று சுவரில் இருக்கும் டிவி காட்டும்.

லிஸ்ட் மழைநாள் பஸ் மாதிரி. ஏற ஏற இடம் உண்டாகிக்கொண்டே இருக்கும். டிவிக்குப் பேர் அனுப்ப மண்டபத்தில் முன்பே இருந்த பழைய நிரல் அந்த நெரிசலைத் தொடாது. அதற்கு அர்ரேதான் வேண்டும். அர்ரே என்பது விரித்த பந்திப்பாய், விரித்த நீளம்தான் அதன் நீளம். லிஸ்டை அர்ரேயாக மாற்ற ஒரு வரி போதும். அந்த வரியை, நிரல் தொடங்கியதும் ஓடும்படி உச்சியிலேயே எழுதிவைத்தேன். ஆபீஸ் பழக்கம். அங்கே நாம் கேட்பதற்கு முன்பே எல்லாம் வந்து காத்திருக்கும்.

காலையில் சரணகோஷம் எழும்பியபோது லேப்டாப்பை ஓடவிட்டேன். அப்போது லிஸ்டில் இருந்தது வெளியூரிலிருந்து வந்த சிலர் மட்டும். அவர்களை நகலெடுத்துக்கொண்டு அர்ரே கண்ணை மூடிக்கொண்டது. அப்புறம்தான் தெரு பேர் கொடுத்தது. லிஸ்ட் வளர்ந்தது, அர்ரே அசையவில்லை.

சோறு விளம்புகிறவர்கள் டிவியைப் பார்த்து ஆட்களை உட்காரவைத்தார்கள். மீதி இலைகளில் பக்கத்தில் நின்றவர்கள் உட்கார்ந்துகொண்டார்கள். கதவு சாத்தியாயிற்று. வெளியே நின்றவர்களில் எங்கள் அடுத்த வீட்டு மாமாவும் ஒருவர். வீட்டிலேயே இன்சுலின் போட்டுக்கொண்டு வந்திருந்தார். ஊசி போட்டபின் சோறு தாமதித்தால் ரத்தத்தில் சர்க்கரை கிடுகிடுவென்று இறங்கிவிடும். இருந்தும் அவர் யாரையும் கேட்கவில்லை. மேல்துண்டால் நெற்றியை ஒற்றிக்கொண்டு சும்மா நின்றார்.

மாமி என்னிடம் வந்தாள்.

"ஏண்டா கம்ப்யூட்டர்க்காரா, மாமா பேரெங்கே?"

"குடுத்தேளா மாமி?"

"பின்னே? ஊசின்னு எழுதியாக்கும் குடுத்திருக்கேன்!"

பார்த்தேன். லிஸ்டில் மாமா இருந்தார், ஊசிக் குறிப்போடு. அர்ரேயில் இல்லை.

"இதுல இருக்கார் மாமி. ஒரு வரி முந்திண்டுடுத்து, அதான் டிவில வரலே."

"மனுஷன் அங்க வேர்த்துக் கொட்டிண்டு நிக்கறார். உன் பெட்டிக்குள்ள இருந்தா வயறு நெறயுமோ?"

"சாரமில்லே, பரவாயில்லே," என்றார் மாமா அங்கிருந்தே. "அடுத்த பந்தில உக்காந்துக்கறேன். அவனை ஏன் வெரட்டறே?" சொல்லும்போதே தூணைப் பிடித்தார். கை நடுங்கியது.

மாமி சமையற்கட்டுக்கு ஓடினாள். திரும்பி வந்தபோது கையில் ஒரு டம்ளர் சர்க்கரைப் பாயசம். சர்க்கரை வியாதி என்று தெரிந்த நாள் முதல் அதை அவர் பக்கம் அண்டவிடாதவள் அவள்தான்.

மாமா டம்ளரைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். "நெஜமாவா?"

"பேசாம குடிங்கோ."

குடித்தார். நடுக்கம் நிற்கும்வரை ஒரு மிடறு, நின்ற பிறகும் ஒரு மிடறு. அடியில் ஒட்டிய தேங்காய்த் துண்டை விரலால் வழித்தார். முகத்தில் ரத்தம் திரும்புவதை மாமி பார்த்துக்கொண்டே இருந்தாள், நானும்தான். பிறகு உட்கார்ந்து அந்த வரியை உச்சியிலிருந்து வெட்டி, ஒவ்வொரு பந்திக்கும் இலை போடுவதற்குச் சற்று முன்னால் ஓடும் இடத்தில் ஒட்டினேன். அந்தந்த நேரத்து லிஸ்டிலிருந்து, அந்தந்த நேரத்து அர்ரே.

அடுத்த பந்திக்கு டிவியில் முதல் பேர் மாமாவுடையது. சோறு, சாம்பார், காளன், எல்லாம் நிதானமாகச் சாப்பிட்டார். பாயச வாளி அவர் இலைக்கு வந்ததும் எதிர்வரிசையிலிருந்து மாமியின் குரல்:

"அங்க வேண்டாம்! அவருக்கு ஆச்சு!"

வாளி நகர்ந்தது. கை கழுவப் போகிற வழியில் மாமா என் நாற்காலி அருகே குனிந்தார்.

"ஏண்டா, அந்த வரியை மாத்திட்டியோ?"

"மாத்தியாச்சு மாமா. அடுத்த வருஷம் மொதல் பந்திதான், நடுக்கமே வராது."

"ஓ," என்றார். பாயச வாளி போன திசையைப் பார்த்துவிட்டுக் குழாயடிக்குப் போனார்.